க்ரஞ்ச் போட்டால் வயிற்றுக்கு முன்னால் கழுத்து ஏன் களைக்கிறது? தலையை எப்படி வைத்துக்கொள்வது?

க்ரஞ்ச் (மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் சுருட்டித் தூக்கும் வயிற்றுப் பயிற்சி) போடும்போது வயிற்றில் ஒன்றும் தெரியவில்லை, கழுத்துதான் கடுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஜிம்மில் ஒரு பயிற்சியாளர் "முகவாயை நெஞ்சில் ஒட்டு" என்கிறார், இன்னொருவர் "சீலிங்கைப் பார்த்துக்கொண்டே எழு" என்கிறார், இதில் எது வயிற்றுத் தசையை அதிகம் வேலை வாங்கும் என்பது உங்கள் கேள்வி. நான் பிசியோதெரபிஸ்ட். முதுகு வலிக்கும் கழுத்து வலிக்கும் வருகிறவர்களிடம் இந்தக் குழப்பத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் பதில். கழுத்தின் நிலையை மாற்றினால் பெரிதாக மாறுவது கழுத்துத் தசைகளின் வேலைதான். வயிற்றுத் தசைகளின் வேலை நேரடியாகக் கொஞ்சம்தான் மாறும். ஆகவே கழுத்தை எப்படி வைப்பது என்பதைக் கழுத்தின் நலனை வைத்து முடிவு செய்யுங்கள். வயிற்றுக்கு வேலை கொடுப்பது விலா எலும்புக்கூடு இடுப்பை நோக்கி எவ்வளவு சுருள்கிறது, கை எங்கே இருக்கிறது, எவ்வளவு மெதுவாக இறங்குகிறீர்கள் என்பவை. கழுத்து ஒழுங்காக இருந்தால் வயிறு களைக்கும்வரை செட்டை, அதாவது தொடர்ந்து போடும் ஒரு சுற்றை, நீட்டிக்க முடியும். வயிற்றுக்குக் கிடைக்கும் பெரிய லாபம் அதுதான்.

இதை நம்புவதற்கு ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பாதத்தைத் தரையில் ஊன்றுங்கள். ஒரு கையின் விரல்நுனிகளைத் தொப்புளுக்கு மேலே நடுவயிற்றில் லேசாக அழுத்தி வையுங்கள். தோள் தரையை விட்டு அசையக் கூடாது. தலையை மட்டும் இரண்டு விரற்கடை தூக்குங்கள். விரலுக்கு அடியில் வயிறு சட்டென்று இறுகும். உடம்பு ஒரு அங்குலம்கூட எழவில்லை, ஆனால் வயிற்றுத் தசை விழித்துக்கொண்டுவிட்டது. தலையை இறக்கினால் உடனே தளர்ந்துவிடும்.

காரணம் எலும்போடு தசை ஒட்டியிருக்கும் இடங்களில் இருக்கிறது. காதுக்குப் பின்னால் கையை வைத்தால் உருண்டையாக ஒரு எலும்பு தட்டுப்படும், மாஸ்டாய்ட். அங்கிருந்து கிளம்பிக் கழுத்தின் முன்பக்கமாகச் சரிந்து, நெஞ்செலும்பின் உச்சியிலும் காறை எலும்பிலும் வந்து சேரும் பட்டையான தசைதான் ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்ட். நாங்கள் சுருக்கமாக எஸ்.சி.எம். என்போம். அதன் பக்கத்திலேயே இருக்கும் ஸ்கேலீன் தசைகள் முதல் இரண்டு விலா எலும்புகளில் வந்து ஒட்டுகின்றன. படுத்திருக்கும்போது இவை சுருங்கினால் தலை மேலே வரும். ஆனால் தசை சுருங்கும்போது இரண்டு முனைகளையும்தான் இழுக்கும். துணி காயப்போடும் கொடியை இழுத்துக் கட்ட வேண்டுமானால் மறுமுனையில் இருக்கும் கம்பம் அசையாமல் நிற்க வேண்டும் அல்லவா, அதுபோல நெஞ்செலும்பு நிலையாக நின்றால்தான் தலை தூக்கும். நெஞ்செலும்பைக் கீழிருந்து பிடித்து வைப்பது ரெக்டஸ் அப்டாமினிஸ். சிக்ஸ் பேக் என்று எல்லோரும் சொல்கிற அதே தசை. இடுப்பின் முன்புற எலும்பிலிருந்து 5, 6, 7-ஆம் விலாக் குருத்தெலும்புகள்வரை நீண்டிருக்கிறது. தலை தூக்கும்போது வயிறு இறுகுவது இதனால்தான்.

மருத்துவர்கள் இந்த இணைப்பைச் சுமார் நூறு வருடமாகப் பயன்படுத்துகிறார்கள். வயிற்று வலி என்று வருகிறவரின் வலிக்கும் இடத்தை அழுத்திக்கொண்டே தலையைத் தூக்கச் சொல்வார்கள். தசை இறுகி உள்ளுறுப்புகளை மூடிக்கொள்ளும். அப்போது வலி குறைந்தால் பிரச்சினை உள்ளே இருக்கலாம், வலி அப்படியே இருந்தாலோ கூடினாலோ வயிற்றுச் சுவரிலேயே இருக்கலாம். 1926-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கார்நெட் எழுதிய சோதனை இது. இன்னொன்று, நரம்பியலில் பீவர் அறிகுறி என்பது. தலையைத் தூக்கும்போது தொப்புள் மேல்நோக்கி நகர்ந்தால், வயிற்றின் கீழ்ப்பாதித் தசைகளுக்குப் போகும் நரம்புகளில் கோளாறு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிரசவத்துக்குப் பிறகு வயிற்றின் நடுவே தசை விலகியிருக்கிறதா என்று பார்க்கும்போதும் இதே தலை தூக்கல்தான். இறுகிய இரண்டு பட்டைகளுக்கு நடுவே எத்தனை விரல் இறங்குகிறது என்று தொட்டு அளப்போம்.

ஆக, வயிற்றைத் தூண்ட முகவாயை நெஞ்சோடு சேர்த்து அழுத்தத் தேவையில்லை. தலை தரையை விட்டு எழுந்த அந்தக் கணத்திலேயே வயிறு வேலையைத் தொடங்கிவிடுகிறது.

இனி கழுத்துப் பக்கம் வருவோம். உங்கள் வலிக்கான விடை இங்கேதான்.

எஸ்.சி.எம். ஒரு விசித்திரமான தசை. மண்டையோடு கழுத்தின் முதல் எலும்பான அட்லஸ் மீது உட்கார்ந்து ஆடுகிறது. அந்த ஆடும் அச்சுக்குப் பின்பக்கமாகத்தான் மாஸ்டாய்ட் இருக்கிறது. அதனால் எஸ்.சி.எம். சுருங்கும்போது கழுத்தின் கீழ்ப்பகுதி முன்னால் வளைகிறது, மேல்பகுதியோ பின்னால் மடங்குகிறது. இரண்டும் சேர்ந்தால் முகவாய் முன்னால் துருத்திக்கொண்டு தலை எழும். க்ரஞ்ச் போடுகிற பலரை பக்கவாட்டில் நின்று பாருங்கள், மூக்குக்கு முன்னால் முகவாய்தான் சீலிங்கை நோக்கிப் போகும். கழுத்தின் இரு பக்கமும் இரண்டு கயிறு எடுத்துக் கட்டியதுபோல எஸ்.சி.எம். புடைத்து நிற்கும். சிலருக்குக் காறை எலும்புக்கு மேலே குழிகூட விழும்.

இந்தத் துருத்தலைத் தடுக்கத் தனியாக ஒரு கூட்டம் இருக்கிறது. முள்ளெலும்புகளின் முன்பரப்பிலேயே, உணவுக்குழாய்க்குப் பின்னால் ஒட்டிக் கிடக்கும் லாங்கஸ் கேப்பிடிஸ், லாங்கஸ் கோலை என்ற ஆழ்தசைகள். "ஆமாம்" என்று லேசாகத் தலையாட்டும் அசைவு இவற்றுடையது. இவை முகவாயை உள்ளே பிடித்துவைத்தால்தான் எஸ்.சி.எம். தலையைக் கோணாமல் தூக்க முடியும். ஆழ்தசைகள் பலவீனமாக இருந்தாலோ, நேரத்துக்குச் சுருங்காவிட்டாலோ, முழுப் பாரமும் எஸ்.சி.எம். மீது விழுகிறது. பிடரிக்குக் கீழே மண்டையின் அடிப்பகுதியில் இருக்கும் சின்னத் தசைகளும் நசுங்குகின்றன. க்ரஞ்ச் முடித்ததும் சிலருக்குத் தலைவலி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

செக் நாட்டு மருத்துவர் விளாடிமிர் யாண்டா இதை வைத்தே ஒரு சோதனை உருவாக்கினார். மல்லாந்து படுத்தவரைத் தலையைத் தூக்கச் சொல்வது, அவ்வளவுதான். முகவாய் முதலில் உள்ளே சுருண்டு வந்தால் ஆழ்தசைகள் தங்கள் வேலையைச் செய்கின்றன. முகவாய் முன்னால் துருத்தினால் எஸ்.சி.எம். ஆதிக்கம். ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் க்வென்டோலின் ஜல் இன்னும் நுட்பமாகப் போனார். கழுத்துக்கு அடியில் காற்றடைத்த சின்னப் பையை வைத்து, அழுத்தத்தை 20 மில்லிமீட்டர் பாதரசத்தில் நிறுத்தி, லேசாகத் தலையாட்டி 22, 24 என்று 30 வரை ஏற்றி ஒவ்வொன்றிலும் பிடிக்கச் சொல்வார்கள். எஸ்.சி.எம். புடைக்காமல் எவ்வளவு தூரம் போக முடிகிறது என்பதுதான் பார்வை. கழுத்து வலி இருப்பவர்கள் சீக்கிரமே எஸ்.சி.எம்.-ஐக் கூப்பிட்டுவிடுவார்கள்.

இந்த ஆழ்தசைகளை அளப்பதும் எளிதல்ல. தோல்மேல் ஒட்டும் எலெக்ட்ரோடுக்கு அவை எட்டாது. ஜல்லுடன் வேலை பார்த்த டெபோரா ஃபாலா போன்றவர்கள் மூக்கு வழியாக எலெக்ட்ரோடை உள்ளே விட்டு, தொண்டையின் பின்சுவரில் படியவைத்து அளந்தார்கள். கழுத்து வலி உள்ளவர்களிடம் ஆழ்தசைகளின் சிக்னல் குறைவாகவும் மேலோட்டத் தசைகளின் சிக்னல் அதிகமாகவும் இருப்பதை அப்படித்தான் கண்டார்கள். க்ரஞ்ச் பற்றிய பேச்சுக்கு இது நேராகப் பொருந்தும். ஒவ்வொரு ரெப்பிலும் (ஒரு முறை எழுந்து இறங்குவது ஒரு ரெப்) நீங்கள் செய்வது அந்தத் தலை தூக்கும் சோதனையைத்தான்.

தாக்குப்பிடிக்கும் நேரத்தையும் பாருங்கள். முகவாயை உள்ளிழுத்துத் தலையைத் தரையிலிருந்து சற்றே தூக்கி எவ்வளவு நேரம் பிடிக்க முடிகிறது என்று அளக்கும் சோதனை ஒன்று உண்டு. 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் கழுத்து வலி இல்லாதவர்கள் சராசரியாக 39 விநாடி பிடித்தார்கள், வலி உள்ளவர்கள் 24 விநாடி. ஆளுக்கு ஆள் இது ரொம்ப மாறும். ஆனால் ஒரு செட் க்ரஞ்ச் எவ்வளவு நேரம் ஓடும் என்று கணக்குப் போடுங்கள். 20 ரெப், ஒன்றுக்கு 2 விநாடி என்றாலே 40 விநாடி. இடையில் தலையைத் தரையில் வைத்து ஓய்வு கொடுக்காமல் ஓட்டினால் வயிறு சூடாவதற்குள் கழுத்தின் கையிருப்பு தீர்ந்துவிடும். உங்களுக்கு நடப்பது பெரும்பாலும் இதுதான். இதை வயிற்றின் பலவீனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது எடைக்கணக்கு. 70 கிலோ ஆளின் தலை சுமார் 5 கிலோ. க்ரஞ்சில் உடம்பு மடிகிற இடம் விலா முடியும் பகுதி என்று வைத்துக்கொண்டால், அங்கிருந்து தலையின் நடுப்பகுதி ஏறக்குறைய அரை மீட்டர் தள்ளி இருக்கும். முகவாயை உள்ளே இழுத்தால் தலையின் எடைமையம் 2, 3 சென்டிமீட்டர்தான் கிட்டே வரும். வயிற்றுத் தசை எதிர்க்க வேண்டிய திருப்புவிசை ஒன்று, ஒன்றரை நியூட்டன் மீட்டர் குறையும். கைகளைப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 7 கிலோ. நெஞ்சில் கட்டியிருந்த கைகளைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோனால் அந்த எடை 20 சென்டிமீட்டர் மேலே நகர்கிறது. கிட்டத்தட்ட 14 நியூட்டன் மீட்டர் கூடுகிறது. இது உத்தேசக் கணக்குதான். ஆனாலும் வயிற்றைப் பொறுத்தவரை முகவாயை மாற்றுவதைவிடக் கையை மாற்றுவது பத்து மடங்கு பெரிய விஷயம் என்பது இதில் தெளிவாகத் தெரியும்.

அதே முகவாய் கழுத்துக்குப் பெரிய விஷயம். கழுத்தின் அடியிலிருந்து தலையின் எடைமையம் 15, 16 சென்டிமீட்டர்தான். அங்கே 3 சென்டிமீட்டர் நகர்ந்தால் ஐந்தில் ஒரு பங்கு பாரம் மாறிவிடுகிறது. எந்தத் தசை இழுக்கிறது என்பதும் அதோடு சேர்ந்து மாறுகிறது.

சீலிங்கைப் பார்த்தபடி முகவாயை உயர்த்தி எழுவது எனக்குப் பிடிக்காத நிலை. அதைச் சொல்லிக்கொடுக்கிறவர்களின் நோக்கம் நல்லதுதான், கழுத்தைக் கையால் இழுக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறார்கள். ஆனால் கண் சீலிங்கில் நேர்மேலே ஒரே புள்ளியில் நிலைத்திருக்க, உடம்பு சுருண்டு எழுந்தால், கழுத்து பின்னால் மடங்கிக்கொண்டே போகும். எஸ்.சி.எம். தனியாகச் சிக்கிக்கொள்ளும்.

முகவாயை நெஞ்சோடு ஒட்டி அழுத்துவது மறுகோடி. கழுத்து முன்னால் முழுசாக மடங்கியபின் அதில் அசைய இடமில்லை. பின்பக்கத் தசைநார்கள் இழுபடுகின்றன, டிஸ்க்குகளின் முன்பகுதியில் அழுத்தம் ஏறுகிறது, மூச்சுப்பாதையும் குறுகுகிறது. இன்னொரு ஏமாற்றமும் உண்டு. கழுத்து மடங்கியதும் கண்ணுக்கு முழங்கால் தெரிகிறது, "எழுந்துவிட்டோம்" என்று தோன்றுகிறது. தோள்பட்டை எலும்போ இன்னும் தரையிலேயே கிடக்கும். வயிற்றுக்கு வேலை குறைந்ததே தெரியாது.

நடுநிலைதான் சரி. மெல்லத் தலையாட்டி முகவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு கைமுஷ்டி அளவு இடைவெளி விடுங்கள். ரெப் முழுக்க அந்த இடைவெளி மாறக் கூடாது. பார்வை உடம்போடு சேர்ந்து நகரட்டும். படுத்திருக்கும்போது சீலிங், எழும்போது எதிர்ச்சுவரும் சீலிங்கும் சேரும் மூலை. கண் போகும் பக்கம் கழுத்து போகும் என்பதால் இந்த ஒரு குறிப்பே பலருக்குப் போதும்.

குழந்தைகளிடம் பார்க்கிற கழுத்து அனிச்சைகளை (தலை அசைந்தால் கை, கால் தானாக அசைவதை) காட்டி, "தலையை மடக்கினால் உடம்பின் முன்பக்கத் தசைகள் தானாகவே தூண்டப்படும்" என்று சிலர் எழுதுகிறார்கள். நெதர்லாந்தில் ருடால்ஃப் மாக்னுஸ், டி க்ளேன் என்ற ஆய்வாளர்கள் 1912-இல் விவரித்த அனிச்சைகள் அவை. கைக்குழந்தையின் தலையை முன்னால் மடக்கினால் கை மடங்கும், கால் நீளும். ஆரோக்கியமான பெரியவர்களிடம் அது மூளையின் கட்டுப்பாட்டில் அடங்கிவிடுகிறது. தலை தூக்கும்போது வயிறு இறுகுவதற்கு மேலே சொன்ன நெஞ்செலும்புக் காரணமே போதும்.

கைகளைப் பற்றி இன்னும் கொஞ்சம். "தலைக்குப் பின்னால் கை வைப்பது ஏமாற்று வேலை" என்ற நம்பிக்கை ஜிம்களில் இருக்கிறது. கணக்கு அதற்கு நேர் எதிராக இருக்கிறது. கை தாங்கும்போது தலையின் எடை கழுத்துத் தசையை விட்டு நீங்கிக் கை வழியாகத் தோளுக்கு இறங்குகிறது. ஆனால் தலையையும் கையையும் தோளையும் சேர்த்துத் தூக்க வேண்டியது வயிறுதான். ஆகக் கழுத்துக்குப் பாரம் குறைகிறது, வயிற்றுக்குப் பாரம் ஏறுகிறது. உங்களைப் போலக் கழுத்து முதலில் களைப்பவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. நிபந்தனை ஒன்றுதான், கை தாங்க வேண்டும், இழுக்கக் கூடாது. விரல்களைக் கோத்துக்கொள்ளாமல் விரல்நுனிகளை மண்டையின் அடிப்பகுதியில் வைத்து, முழங்கைகளை அகலமாக விரித்துவைத்தால் இழுக்கத் தோன்றாது. முழங்கை ஓரக்கண்ணில் தெரிய ஆரம்பித்தால் இழுக்கிறீர்கள் என்று அர்த்தம்.

நேரத்தை வைத்துப் போட்டி நடத்தும் இடங்களில் இந்த இழுப்பு கட்டாயம் வந்துவிடும். அமெரிக்கத் தரைப்படையின் பழைய உடற்தகுதித் தேர்வில் விரல்களைத் தலைக்குப் பின்னால் கோத்தபடி 2 நிமிடம் சிட்-அப் (படுத்த நிலையிலிருந்து முழுசாக எழுந்து உட்காருவது) எடுக்க வேண்டும். அந்தத் தேர்வே மாறி, 2022-இலிருந்து அந்த இடத்தில் பிளாங்க் (குப்புற, முன்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பை நேராகப் பிடிப்பது) இருக்கிறது. நம் பள்ளிகளில் கேலோ இந்தியா உடற்தகுதிச் சோதனையில் 30 விநாடி பார்ஷியல் கர்ல்-அப் இருக்கிறது. அதில் கை தலைக்குப் போவதில்லை. உடம்புக்குப் பக்கத்தில் நீட்டிய கை தரையோடு முன்னால் போய்க் குறித்த கோட்டைத் தொட வேண்டும். நல்ல ஏற்பாடு, ஆனால் தலைக்குத் தாங்கல் இல்லாததால் முழு எடையும் கழுத்தில் இருக்கும். பிள்ளைகளைப் பழக்கும் உடற்கல்வி ஆசிரியர்கள் எண்ணிக்கையை ஏற்றுவதற்கு முன்னால் முகவாய் துருத்துகிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இணையத்தில் "இந்த நிலையில் வயிற்றுத் தசை இத்தனை சதவீதம் அதிகம் இயங்கியது" என்ற இ.எம்.ஜி. எண்களைப் பார்த்தால் கொஞ்சம் நிதானியுங்கள். இ.எம்.ஜி. அளப்பது தசையின் மின்னோட்டச் சலசலப்பை. அந்த மைக்ரோவோல்ட் எண்ணை, அதே தசை முழு பலத்தோடு சுருங்கும்போது வரும் எண்ணோடு ஒப்பிட்டுத்தான் சதவீதம் சொல்கிறார்கள். அந்த முழுபலச் சோதனையில் ஆள் சற்று சோம்பியிருந்தால் மற்ற எல்லாச் சதவீதமும் வீங்கிவிடும். தோலுக்கு அடியில் கொழுப்பு இருந்தால் சிக்னல் மங்கும். தசை நீளம் மாறினாலும், எலெக்ட்ரோடுக்கு அடியில் தசை நகர்ந்தாலும் எண் மாறும். கழுத்தில் எஸ்.சி.எம். மேலேயே ப்ளாட்டிஸ்மா என்ற மெல்லிய தசை படர்ந்திருப்பதால் பக்கத்துத் தசையின் சத்தமும் கலக்கும். சின்ன வித்தியாசங்களை வைத்து உங்கள் பயிற்சியை மாற்ற வேண்டாம். தலைக்குத் தாங்கல் கொடுத்தால் எஸ்.சி.எம். அமைதியாவது போன்ற பெரிய மாற்றங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதை எந்தக் கருவியும் இல்லாமல் கழுத்தில் விரல் வைத்தே உணரலாம்.

மற்ற வயிற்றுப் பயிற்சிகளில் கதை கொஞ்சம் மாறும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் மெக்கில் முதுகுக்காக வடிவமைத்த கர்ல்-அப்பில் ஒரு கால் மடக்கி, ஒரு கால் நீட்டி, இரண்டு கைகளையும் கீழ்முதுகின் வளைவுக்கு அடியில் வைத்திருப்பீர்கள். தலை, கழுத்து, தோள் மூன்றும் ஒரே கட்டையாகக் கொஞ்சமே எழும். கழுத்து மடங்கவே மடங்காது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே செய்யாததுபோல இருக்கும், செய்து பார்த்தால் வயிறு நடுங்கும். முழு சிட்-அப்பில் கீழ்முதுகில் ஏறும் அழுத்தம் சுமார் 3,300 நியூட்டன் என்று அவருடைய அளவீடுகள் காட்டின. கழுத்துக்கும் முதுகுக்கும் சேர்த்து ஒரே பயிற்சி கேட்டால் நான் இந்தக் கர்ல்-அப்பைத்தான் சொல்வேன்.

படுத்தபடி காலைத் தூக்கும் லெக் ரெய்ஸில் தலையைத் தரையில் வைத்துக்கொள்ளலாமா, தூக்கலாமா என்று கேட்பார்கள். காலைத் தூக்கும் சோயாஸ் தசை கீழ்முதுகு முள்ளெலும்புகளிலிருந்துதான் கிளம்புகிறது. வயிறு பிடித்துவைக்காவிட்டால் முதுகு வில்போல வளைந்துவிடும். தலையையும் தோளையும் சற்றே தூக்கினால் முன்னால் சொன்ன இணைப்பினால் வயிறு இறுகி, விலா இறங்கி, முதுகைத் தரையோடு வைப்பது எளிதாகும். விலை என்னவென்றால் செட் முழுக்கக் கழுத்து அசையாமல் பிடிக்க வேண்டும். கழுத்து பலவீனமாக இருப்பவர்கள் தலைக்கு அடியில் மடித்த துண்டு வைத்துக்கொண்டு, ஒரு காலாகத் தூக்குவது நல்லது. பிலாட்டீஸில் 'ஹண்ட்ரெட்' என்ற பயிற்சிக்கும் இதே சிக்கல். நூறு எண்ணும்வரை தலை மேலேயே இருக்கும். புதியவர்கள் பாதியில் தலையை இறக்கிவிட்டுக் கை அசைவை மட்டும் தொடர்ந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

பிளாங்கில் தலைகீழ்க் கணக்கு. புவியீர்ப்பு தலையைக் கீழே இழுக்கிறது, பிடரித் தசைகள் தாங்குகின்றன. கண்ணாடியில் தன்னைப் பார்க்கத் தலையை நிமிர்த்துகிறவர்களுக்குப் பெரும்பாலும் இடுப்பும் தொய்ந்துபோகும். பார்வை இரண்டு கைகளுக்கு நடுவே தரையில் இருக்கட்டும். ஒரு பக்கமாகத் திரும்பி எழும் சைடு க்ரஞ்சில் முழங்கையும் முகமும் மட்டும் திரும்பி விலா அசையாமல் கிடப்பது சகஜம். முகத்தைத் திருப்புவது எதிர்ப்பக்க எஸ்.சி.எம்.-இன் வேலை, வயிற்றின் பக்கவாட்டில் இருக்கும் சாய்தசைகளுக்கு அதனால் ஒன்றும் கிடைக்காது. நெஞ்செலும்பைத் திருப்பினால்தான் அவை சுருங்கும்.

உங்களுக்கு நான் சொல்லும் வழி இது. முதலில் ஒரு வாரம் க்ரஞ்சை நிறுத்திவைத்துவிட்டு, தலையைத் தரையில் வைத்தபடியே தலையாட்டும் பயிற்சியைச் செய்யுங்கள். கழுத்துக்கு அடியில் மெல்லிய துண்டுச் சுருள், உதடு மூடி, பற்கள் ஒன்றையொன்று தொடாமல், நாக்கு மேலண்ணத்தில். முகவாயை மில்லிமீட்டர் கணக்கில் உள்ளிழுத்து 10 விநாடி பிடித்து விடுங்கள். பத்து முறை. ஒரு கையை எஸ்.சி.எம். மேல் வைத்திருங்கள், அது புடைத்தால் அதிகமாகச் செய்கிறீர்கள். இதில் களைப்புத் தெரியாது, ஏதோ விளையாட்டுபோல இருக்கும். இருந்தாலும் தவிர்க்காதீர்கள்.

அப்புறம் கை தாங்கிய க்ரஞ்ச். வரிசை முக்கியம். முதலில் மூச்சை வாய்வழியே மெல்ல விட ஆரம்பியுங்கள், விலா இறங்குவதை உணருங்கள். பிறகு தலையாட்டல், அதன் பின் தோள்பட்டை எலும்பின் கீழ்முனை தரையை விட்டு எழும்வரை மட்டும் சுருளுங்கள். அதற்கு மேல் எழுந்தால் இடுப்பை மடக்கும் தசைகள் கையில் எடுத்துக்கொள்ளும். மூச்சை அடக்கிக்கொண்டு எழுகிறவர்களுக்குக் கழுத்து இறுகுவதையும் பார்த்திருக்கிறேன். எஸ்.சி.எம்.-உம் ஸ்கேலீனும் மூச்சிழுக்கவும் உதவும் தசைகள் என்பதால், திணறலோடு மூச்சிழுத்தால் அவை இரட்டை வேலை பார்க்கும். இறங்கும்போது மூன்று எண்ணி இறங்குங்கள். தலை தரையைத் தொட்டதும் ஒரு மூச்சு ஓய்வு கொடுத்துவிட்டு அடுத்தது. எட்டு ரெப் இப்படிப் போட்டால், வேகமாகப் போட்ட முப்பதைவிட வயிற்றில் அதிகம் தெரியும். துண்டை விரித்து அதன்மேல் படுத்து, தலைக்கு மேலே வரும் இரண்டு மூலைகளையும் பிடித்துத் தொட்டில்போலத் தலையைத் தாங்கிக்கொள்வது இன்னும் சுகமான வழி. கழுத்து முற்றிலும் ஓய்வாக இருக்கும்.

எல்லோருக்கும் க்ரஞ்ச் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். எலும்பு மெலிவு உள்ளவர்கள் உடம்பை முன்னால் மடக்கும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும். 1984-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலிருந்து வந்த சினாகியின் ஆய்வில், எலும்பு மெலிந்த பெண்களில் முன்மடக்கும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்கு முதுகெலும்பில் புதிய நசுங்கல் வந்தது, பின்னால் நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம் பேருக்குத்தான். சின்ன ஆய்வுதான், ஆனால் யாரும் அலட்சியப்படுத்த முடியாத வித்தியாசம். முடக்குவாதம் (மூட்டுகளைத் தாக்கும் ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ்) உள்ளவர்களுக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே இணைப்பு தளர்ந்திருக்கலாம், மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் தலை தூக்கும் பயிற்சி வேண்டாம். பிரசவமானவர்கள், எழும்போது வயிற்றின் நடுக்கோடு மேடாகப் புடைத்தால் அந்தப் பயிற்சியை அங்கேயே நிறுத்திவிட்டு ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

உங்கள் வலி தசைக்களைப்பு மாதிரிதான் தெரிகிறது. கழுத்தின் முன்பக்கமோ பக்கவாட்டிலோ கடுத்து, ஓரிரு நாளில் சரியாகிவிட்டால் மேலே சொன்னதைத் தொடங்கலாம். கைக்குள் மின்சாரம்போல இறங்கினாலோ, விரல் மரத்தாலோ, கையில் பிடி தளர்ந்தாலோ, தலை சுற்றினாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ பாருங்கள். இரண்டு மூன்று வாரம் முயன்ற பிறகும் கழுத்தே முந்திக்கொண்டு களைத்தால், பக்கவாட்டிலிருந்து யாரையாவது ஒரு செட்டை மொபைலில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். முகவாய் எந்த ரெப்பிலிருந்து துருத்த ஆரம்பிக்கிறது என்று பார்த்து, அதற்கு ஒரு ரெப் முன்னாலேயே செட்டை நிறுத்திக்கொள்ளுங்கள்.